காப்பகத்துக்குள் யாருக்கு இடம்? ஒன்றரை நூற்றாண்டுக் கேள்வியும் ஐந்து விடைகளும்

தமிழகக் காடுகள் எதிலும் கால்நடை மேய்க்கக் கூடாது என்று 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மலைமாடு வளர்ப்போர் கலங்கிப்போயினர். அதே மாதத்திலேயே அந்தத் தடை தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. சட்ட அளவில் அது ஒரு திருத்தம்தான். அதன் அடியில் கிடக்கும் கேள்வி மிகப் பழையது: இயற்கைக்கென ஒதுக்கிய நிலத்தில், அந்த நிலத்தை நம்பி வாழ்வோருக்கு எவ்வளவு இடம்? அவர்கள் வாழ்வு மேம்படுவதும் காடு செழிப்பதும் ஒன்றாக நடக்கக்கூடியவையா?

இதற்குக் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் ஐந்து விதமான விடைகள் வந்துள்ளன: வேலியிடுதல், மண்டலம் பிரித்தல், மாற்று வருமானம் தருதல், உரிமை வழங்குதல், இழப்பீட்டுடன் இடம் மாற்றுதல். ஒன்று வந்ததும் முந்தையது மறைந்துவிடவில்லை. ஒரே காப்பகத்தில் ஐந்தும் அடுக்கடுக்காக இயங்குவதை இன்று காணலாம். அவை எங்கிருந்து வந்தன, எதைச் சாதித்தன, எங்கே தடுமாறின என்பதைப் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலை, மன்னார் வளைகுடா ஆகியவற்றின் அனுபவத்தை வைத்து இக்கட்டுரை பார்க்கிறது.

வேலியிட்டுக் காத்தல்

1872இல் அமெரிக்காவில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா உருவானது. மனிதக் கை படாத நிலம் என்று அது போற்றப்பட்டது. ஆனால் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த பூர்வகுடிகள் வெளியேற்றப்பட்ட பிறகே அந்தப் படிமம் நிலைபெற்றது. இந்தியாவில் வேலிக்கு வேறொரு தொடக்கம் உண்டு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் போன்றவை காட்டை அரசின் காப்புக்காடாக மாற்றியதன் முதன்மை நோக்கம் மரமும் வருவாயும்தான். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1973இல் ஒன்பது காப்பகங்களுடன் புலிகள் திட்டமும் வந்தபோது, காலனிய அரசு வரைந்து வைத்த எல்லைகளின் மேலேயே பாதுகாப்பு எழுப்பப்பட்டது.

இந்த நிலைப்பாட்டின் வலு உயிரியலில் இருக்கிறது. புலி போன்ற பெரிய ஊனுண்ணிக்கு இரை நிறைந்த, தொந்தரவு குறைந்த இனப்பெருக்கப் பரப்பு தேவை. தமிழ்நாட்டில் 2006 கணக்கெடுப்பில் 76 ஆக மதிப்பிடப்பட்ட புலிகள் 2022இல் 306 ஆயின. இடையில் கணக்கெடுக்கும் பரப்பும் கருவிகளும் விரிந்ததையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனாலும் உயர்வின் திசை ஐயத்துக்கிடமற்றது.

பலவீனம் இரு இடங்களில் வெளிப்பட்டது. முதலாவது, ராஜஸ்தானின் பரத்பூர். கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. கிராமத்தினர் எதிர்த்தனர், காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு, எருமைகள் மேயாததால் நீர்நிலைகளில் புல் அடர்ந்து மண்டி, பறவைகளின் வாழிடம் கெட்டதைக் காட்டியது. பறவைகளுக்காக வந்த தடை பறவைகளுக்கே ஆகவில்லை. இரண்டாவது, அதே மாநிலத்தின் சரிஸ்கா. வேலி, சட்டம், காவல் எல்லாம் இருந்தும் அங்கே புலிகள் முற்றாக அழிந்துவிட்டது 2005இல் தெரியவந்தது. அதன்பின் சுனிதா நாராயண் தலைமையில் அமைந்த புலிகள் பணிக்குழு, சுற்றியுள்ள மக்களைப் பகைத்துக்கொண்டு காவல் நிலைக்காது என்றது. அக்குழுவின் உறுப்பினர் வால்மிக் தாப்பர் உடன்படவில்லை. புலியும் மக்களும் ஒரே இடத்தைப் பகிர்வது நடக்காது என்பதே அவர் வாதம். அந்தக் கருத்து வேறுபாடு இன்றும் தீரவில்லை.

சமூக அறிவியல் தளத்தில் ராமச்சந்திர குஹா 1989இல் எழுதிய கட்டுரை முக்கியமான திருப்பம். மக்கள் நெருக்கமாக வாழும் நாட்டில் அமெரிக்கப் பாணி வனப்பூங்காவை நடுவது, ஏழைகளிடமிருந்து வசதி படைத்தோருக்கு வளத்தை மாற்றுவதாகிறது என்று அவர் வாதிட்டார். யார் நலனுக்காக யார் விலை கொடுக்கிறார் என்ற கேள்வி அதன்பின் ஒதுக்க முடியாததாயிற்று.

மண்டலம் பிரித்தல்

யுனெஸ்கோ 1971இல் தொடங்கிய மனிதனும் உயிர்க்கோளமும் திட்டம் ஒரு சமரசத்தை முன்வைத்தது. நடுவே கண்டிப்பான மையம், அதைச் சுற்றி இடைப்பகுதி, அதற்கும் வெளியே மக்கள் தொழில் செய்து வாழும் பகுதி. பாதுகாப்பு, வளர்ச்சி, ஆய்வு ஆகிய மூன்றும் ஒரே நிலப்பரப்பின் பணிகள் என்று 1995இன் செவில் உத்தி தெளிவாக்கியது. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 1986இல் நீலகிரி அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் 5,520 சதுர கிலோமீட்டருக்கு அது விரிகிறது.

இந்தக் கருத்தின் அழகு மறுக்க முடியாதது. சிக்கல், இதற்கெனத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை என்பதில் இருக்கிறது. மையப்பகுதியை வனவிலங்குச் சட்டம் ஆள்கிறது. மற்ற இரண்டும் வருவாய்த்துறை, மின்வாரியம், தேயிலைத் தோட்டங்கள், ஊராட்சிகள் எனப் பல கைகளில் கிடக்கின்றன. வரைபடத்தில் ஒன்றாகத் தெரியும் நிலத்துக்கு நிர்வாகத்தில் ஒரே தலை இல்லை.

மன்னார் வளைகுடாவில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 1986இல் அங்கே 21 தீவுகளை உள்ளடக்கிக் கடல் தேசியப் பூங்கா வந்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. மையப்பகுதியான தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற கடலில்தான் மரிக்கொழுந்து, கட்டக்கோரை போன்ற பாசிகள் வளர்கின்றன. ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் பலருக்கு அதுவே பிழைப்பு. 2001இல் கடல் அட்டை பிடிப்பதும் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. மாற்றாகக் கப்பாபைகஸ் என்னும் அயல் பாசி வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பாசி குருசடைத் தீவருகே பவளப்பாறைகள் மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அயல் பாசி வெளிமண்டலத்தில் நின்றுவிடவில்லை, மையத்துக்குள்ளேயே புகுந்தது. நிலத்தில் எல்லைக்கல் நடலாம். நீரோட்டம் அதை மதிப்பதில்லை.

மாற்று வருமானம்

மூன்றாவது விடை எளிய கணக்கில் எழுந்தது: காட்டுக்குள் போகத் தேவையில்லாத அளவுக்கு வருமானம் கிடைத்தால் மக்கள் போகமாட்டார்கள். 1990களில் உலக வங்கியின் பணத்தில் சூழல் மேம்பாட்டுத் திட்டங்கள் இந்தியாவுக்கு வந்தன. களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில் 1995 முதல் 2001 வரை அடிவாரக் கிராமங்களில் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டு, சுழல்நிதிக் கடன், மேம்பட்ட அடுப்பு, சுயஉதவிக் குழு ஆகியவை வழங்கப்பட்டன. விறகுச் சுமைக்காக மலையேறுவது கணிசமாகக் குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. ஆயினும் பீடித் தொழில், பின்னாளில் சமையல் எரிவாயு, இளைஞரின் வெளியூர் வேலை எனப் பல மாற்றங்களை அவ்வட்டாரம் கண்டிருக்கிறது. நீண்டகாலக் குறைவில் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஏழு காப்பகங்களில் நடந்த இந்திய சூழல் மேம்பாட்டுத் திட்டம் இதைவிடத் தெளிவான ஒப்பீட்டைத் தருகிறது. திட்டம் ஒன்று, நிதி ஒன்று, காலம் ஒன்று, முடிவுகள் வேறு. கேரளத்தின் பெரியாறில், காட்டில் வயணா மரப் பட்டை உரித்துக் கடத்தி வந்தவர்களோடு வனத்துறை பேசியது. அவர்கள் குழுவாக அமைந்து, பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காவல் ரோந்தினராகவும் மாறினர். பெண்கள் தாங்களே முன்வந்து வசந்த சேனா என்ற பெயரில் சந்தனக் காடுகளில் ரோந்து சென்றனர். திட்டக் காலம் முடிந்தபின் பெரியாறு அறக்கட்டளை அமைக்கப்பட்டு, வேலை தொடர்ந்தது. கர்நாடகத்தின் நாகரஹொளேயிலோ, பழங்குடி அமைப்பொன்று 1998இல் உலக வங்கியின் ஆய்வுக்குழுவிடமே முறையிட்டது. எங்களைக் கேளாமல் எங்கள் நிலத்தில் திட்டம் என்பதே சாரம். முழு விசாரணை தேவை என்று ஆய்வுக்குழு பரிந்துரைத்தது; வங்கியின் இயக்குநர் குழு அதை ஏற்கவில்லை.

வேறுபாட்டுக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. பெரியாறில் சுற்றுலா வருமானம் ஏற்கெனவே இருந்தது. முன்முயற்சியுள்ள அலுவலர்களும் இருந்தனர். எனினும் இரு இடங்களையும் பிரிக்கும் ஒரு கோடு தெரிகிறது. ஓரிடத்தில் மக்கள் பேரம் பேசும் தரப்பாக நடத்தப்பட்டனர், மற்றதில் பயனாளிகளாக. இதைப் போன்ற 23 திட்டங்களை 14 நாடுகளில் ஆராய்ந்து வெல்ஸ், பிராண்டன் ஆகியோர் 1992இல் வெளியிட்ட நூலும், வளர்ச்சிப் பணிக்கும் பாதுகாப்புப் பயனுக்கும் இடையிலான தொடர்பு பெரும்பாலும் நிறுவப்படாமலே கிடப்பதைச் சுட்டியது. கடனில் ஆடு வாங்கியவர் அந்த ஆட்டையும் காட்டிலேயே மேய்க்கலாம் அல்லவா?

உரிமை வழங்குதல்

நான்காவது விடை, சலுகையிலிருந்து உரிமைக்கு நகர்ந்தது. இதன் அறிவுப் பின்புலத்தில் எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட ஆய்வு நிற்கிறது. பொதுவளம் கட்டாயம் அழியும் என்ற காரட் ஹார்டினின் 1968ஆம் ஆண்டு வாதத்துக்கு எதிராக, விதிகளைத் தாமே வகுத்துக் கண்காணிக்கும் சமூகங்கள் வளத்தை நீண்டகாலம் காத்துள்ளதை அவர் காட்டினார். இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்குச் சட்ட வடிவம் தந்தது. சாகுபடி நிலத்துக்குக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை பட்டா, வன மகசூல் உரிமை, சமூகக் காட்டை நிர்வகிக்கும் உரிமை ஆகியவற்றைக் கிராம சபை வழியாகக் கோரலாம். சரணாலயங்களும் காப்பகங்களும் இதற்கு விலக்கல்ல.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை இதற்கு முதன்மைச் சோதனைக் களம். 1974இல் சரணாலயமான அங்கு, சோளகர் பழங்குடியினரின் தேன், நெல்லிக்காய், மரப்பாசி சேகரிப்பு 2000களில் தடைபட்டது. 2011இல் அது புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் இவ்வகை உரிமை ஏற்கப்பட்டது நாட்டில் அதுவே முதல்முறை. அந்த மலையில் 1997க்கும் 2008க்கும் இடையே உண்ணிச்செடி பல மடங்கு பெருகியதை ஆய்வாளர்கள் அளந்துள்ளனர். தரைச்சருகை ஆண்டுதோறும் மெல்ல எரித்துவந்த பழக்கத்தை வனத்துறை நிறுத்தியதே இதற்குக் காரணம் என்பது சோளகர் கூற்று. ஆய்வுலகம் இதைக் கவனத்தோடு கேட்கிறது, முழுமையாக ஏற்கவில்லை. செடி இவ்வளவு மண்டிய பின் பழைய தீ பழைய பலனைத் தருமா என்பதும் தெளிவில்லை.

உரிமை நிலைப்பாட்டின் பலவீனங்களும் கவனத்துக்குரியவை. தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கொன்றால் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தேங்கியது. 2019 பிப்ரவரியில், மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, அதே மாத இறுதியில் தானே நிறுத்திவைத்தது. உரிமை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அது காட்டியது. மறுபுறம், கிராம சபைக்குள்ளும் நிலமுள்ளவர், இல்லாதவர், ஆண், பெண் என ஏற்றத்தாழ்வு உண்டு. சந்தை விலை ஏறும்போது பழைய கட்டுப்பாடு நிற்குமா என்ற ஐயத்தையும் ஒதுக்க முடியாது. உரிமை பெற்ற காடுகளில் வனவிலங்கு நிலையை நீண்டகாலம் அளந்த ஆய்வுகள் இன்னும் சிலவே.

இடமாற்றம்

வேலியின் புதிய வடிவமாக ஐந்தாவது விடையைக் கொள்ளலாம். வெளியேற்றம் இப்போது இழப்பீட்டோடும் ஒப்புதலோடும் வருகிறது. புலிகள் காப்பக மையத்திலிருந்து வெளியேறும் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயாக இருந்த தொகை 2021இல் 15 லட்சமானது. 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், மையப்பகுதிகளில் 591 ஊர்களில் 64,801 குடும்பங்கள் இன்னும் வாழ்வதாகக் குறிப்பிட்டு, இடமாற்றத்தை விரைவுபடுத்தச் சொன்னது. பழங்குடி அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன.

நல்ல முன்னுதாரணமாகப் பேசப்படுவது கர்நாடகத்தின் பத்ரா. 2000களின் தொடக்கத்தில் அங்கிருந்து 400க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. சாகுபடிக்கு ஏற்ற நிலமும் பள்ளி, மருத்துவமனை அணுக்கமும் கிடைத்ததால் பெரும்பாலோர் நிறைவு தெரிவித்ததாகக் கிருதி காரந்தின் 2007 ஆய்வு கூறுகிறது. முதுமலையில் படம் கலங்கலானது. நிலம் வைத்திருந்த மவுண்டாடன் செட்டிகளில் பலர் யானைத் தொல்லை தாங்காமல் தாமே இடமாற்றம் கேட்டனர். கூலியையும் காட்டையும் நம்பியிருந்த பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் சிலவற்றுக்குப் பணம் கையில் நிற்கவில்லை, நிலம் கிடைக்கவில்லை என்ற புகார்கள் எழுந்தன.

சட்டப்படி, உரிமைகள் முதலில் தீர்க்கப்பட வேண்டும், மக்களும் விலங்கும் சேர்ந்து வாழ வழியில்லை என்று நிறுவ வேண்டும், கிராம சபை எழுத்தில் ஒப்ப வேண்டும். சாலையும் மின்சாரமும் பள்ளியும் பல ஆண்டுகள் மறுக்கப்பட்ட ஊர் தரும் ஒப்புதலை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு எந்தத் தரப்பிடமும் நிறைவான விடை இல்லை. அதே சமயம், வெளியேற விரும்பும் குடும்பத்தைக் காட்டின் பெயரால் அங்கேயே நிறுத்திவைப்பதும் நியாயமாகாது.

சுற்றுலாப் பணம்

ஐந்து விடைகளிலும் ஊடுருவி நிற்பது சுற்றுலா. நேபாளம் பூங்கா வருவாயில் 30 முதல் 50 விழுக்காட்டைச் சுற்றியுள்ள பகுதி மக்களின் வளர்ச்சிக்குத் தருமாறு விதி செய்துள்ளது. கோஸ்டாரிக்காவிலும் தாய்லாந்திலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு அருகில் வறுமை குறைந்ததை 2010இல் வெளியான ஆய்வொன்று கண்டது. கோஸ்டாரிக்காவில் அக்குறைவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சுற்றுலாவால் வந்தது என்று பிந்தைய ஆய்வு பிரித்துக் காட்டியது. வட்டார சராசரி உயர்வதை இவை நிறுவுகின்றன. அந்த உயர்வு எந்த வீட்டுக்குப் போனது என்பதை இவ்வகைச் சராசரி சொல்லாது.

நீலகிரியின் சீகூர் பீடபூமி அந்த இடைவெளியைக் காட்டுகிறது. யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகள் பலவற்றை 2018இல் பூட்ட நேர்ந்தது. வழித்தட அறிவிக்கையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே வழித்தடத்தை அடைத்தவற்றில் சூழல் சுற்றுலா என்ற பெயரில் வந்த கட்டடங்களும் உண்டு. ஊரார்க்குக் கிட்டியது பெரும்பாலும் கூலிவேலை. சுற்றுலாவைப் பாதுகாப்பின் துணையாக்குவதும் பகையாக்குவதும் உரிமையாளர் யார், கட்டடம் எங்கே என்ற இரண்டையும் பொறுத்தது என்று சொல்லலாம்.

சான்றுகளின் எடை

2025இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வொன்று, இந்தியாவில் புலிகள் வாழும் பரப்பு இருபதாண்டுகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு விரிந்ததையும், அந்நிலத்தை ஏறத்தாழ 6 கோடி மக்கள் பகிர்வதையும் காட்டியது. பகிர்தல் நடக்காது என்று வால்மிக் தாப்பர் சொன்னது சரியல்ல என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் அதே ஆய்வின்படி, அந்த விரிவுக்கு ஊற்றாக இருந்தவை இரை நிறைந்த, கண்டிப்பாகக் காக்கப்பட்ட மையங்கள். ஆயுத மோதலும் கடும் வறுமையும் நிலவிய இடங்களில் புலி திரும்பவில்லை. இரு தரப்பும் இந்த ஆய்வைத் தத்தம் பக்கம் இழுக்கலாம். மையமும் வேண்டும், சுற்றியுள்ள மக்களின் வாழ்வும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே நேர்மையான வாசிப்பு.

இந்தச் சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கையில் ஒரு பொதுப்போக்கு தென்படுகிறது. முடிவெடுப்பவரும் அம்முடிவின் சுமையைத் தாங்குபவரும் நெருங்கி இருந்த இடங்களில், பெரியாறு, பத்ரா போன்று, ஏற்பாடு எதுவாயினும் ஓரளவு நின்றது. விலகி இருந்த பரத்பூர், நாகரஹொளே போன்ற இடங்களில் சறுக்கியது. இதை விதி என்று சொல்லிவிடக் கூடாது; வெற்றிக் கதைகளே அதிகம் எழுதப்படுகின்றன என்ற ஐயமும் உண்டு.

தீராதவை

சில கேள்விகள் எந்த விடைக்குள்ளும் அடங்கவில்லை. முதலாவது, பழங்குடியும் அல்லாத, வெளியாரும் அல்லாத மக்கள். களக்காடு முண்டந்துறைக் காப்பகத்துக்குள் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்டது மாஞ்சோலைத் தோட்ட நிலம். குத்தகை 2028இல் முடியவிருக்க, 2024இலேயே தொழிலாளர் விருப்ப ஓய்வில் வெளியேற நேர்ந்தது. தேயிலை போய்க் காடு மீள்வது சூழலுக்கு ஆதாயம்தான். தலைமுறைகளாக அங்கே உழைத்தோரின் வாழ்வை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பழங்குடியல்லாதோரை மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்வை நிறுவச் சொல்லும் வன உரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல.

இரண்டாவது, தடையின் அளவுகோல். மாட்டுப்பட்டிக்கும் விறகுச் சுமைக்கும் காட்டும் கண்டிப்பு, சுரங்கம், அணை, சாலை என்று வரும்போது தளர்வதாக ஊரார் குறை கூறுவதில் பொருள் உண்டு. மதுரை அருகே அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. அதை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதற்குக் கிராம சபைத் தீர்மானங்களும் மக்கள் திரண்டு நின்றதும் முக்கியக் காரணங்கள். ஊர் மக்களே காவலாக நின்ற இந்நிகழ்வை வைத்து எல்லா ஊரும் அப்படித்தான் என்று பொதுமைப்படுத்த முடியாது. ஊரைப் பகையாகக் கொள்ளும் காவல்முறை எதை இழக்கிறது என்பதை மட்டும் அது சொல்கிறது.

மூன்றாவது, மாறும் மக்கள். தேன் எடுக்கும் தலைமுறையின் பிள்ளைகள் கல்லூரிக்கும் நகர வேலைக்கும் போகிறார்கள். பழைய வாழ்முறையை அடிப்படையாகக் கொண்ட உரிமைச் சட்டமும், அதே வாழ்முறையை அச்சமாகக் காணும் காவல் சட்டமும் இந்த மாற்றத்தைப் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை.

உலகின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டை 2030க்குள் காக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் குன்மிங்–மான்ட்ரியல் ஒப்பந்தம் இலக்கு வைத்தது. புதிய காப்பகங்கள் வரத்தான் போகின்றன. ஐந்து விடைகளில் ஒன்றே சரி என்று அறுதியிடச் சான்றுகள் போதா. காட்டின் எந்தப் பயன்பாடு எந்த அளவில் எந்த உயிரினத்தைப் பாதிக்கிறது என்ற அளவீடும், முடிவெடுக்கும் இடத்தில் ஊராருக்கு உண்மையான வாக்கும், தவறினால் திருத்திக்கொள்ளும் வழியும் ஒவ்வோர் அறிவிப்போடும் வந்தால், அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்கேனும் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க தரவு கிடைக்கும். இன்று அந்த மூன்றும் ஒருசேர இருக்கும் காப்பகங்கள் அரிது. கேள்வி இன்னும் திறந்தே கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.